அவதான மேடையும் கணிப்பொறிக் குகையும்

சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு இருவர் ஆடும் விளையாட்டுகள் நம்மிடையே பல உண்டு. பாட்டி பேரனுக்குப் போடும் விடுகதை அவற்றுள் எளியது. ஈற்றடியைக் கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொல்வது அதைவிடக் கடினமானது. இவற்றுக்கெல்லாம் உச்சியில் இருப்பது அவதானம். மேல்நாட்டில் ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்கு முன் இதே இனத்தைச் சேர்ந்த விளையாட்டு ஒன்று கணிப்பொறியில் பிறந்தது. அதில் படம் கிடையாது, ஓசை கிடையாது. 'நீ ஒரு காட்டுச் சாலையின் முடிவில் நிற்கிறாய், எதிரே ஒரு சிறு செங்கல் கட்டடம்' என்ற தோரணையில் திரையில் எழுத்து வரும். ஆடுபவர் 'உள்ளே போ', 'விளக்கை எடு' என்று தட்டச்சு செய்வார். கணிப்பொறி அதற்கும் எழுத்திலேயே பதில் சொல்லும். இப்படியே கதை நகரும். இதை நாம் 'உரையாடு கதை' என்று சொல்லிக்கொள்வோம்.

அவதானம், உரையாடு கதை இரண்டிலும் நகைச்சுவைக்குப் பெரிய இடம் உண்டு. இரண்டிலும் ஒரே கேள்வியும் எழுகிறது. அந்தச் சிரிப்பு யாருடையது? ஆக்கியவர் முன்பே நினைத்து வைத்ததா? எதிரே இருப்பவர் உண்டாக்கியதா? அல்லது இயந்திரம் தற்செயலாக உளறியதா? இது பொழுதுபோக்கான கேள்வி போலத் தோன்றலாம். ஆனால் கைப்பேசியில் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும் இயந்திரங்கள் வந்துவிட்ட இந்நாளில், இதற்கு விடை தெரிந்திருப்பது நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தேவை.

அவதானம் என்னும் ஆட்டம்

ஆந்திரத்தில் வாழும் நமக்கு அவதானம் அந்நியமல்ல. தெலுங்கு அன்பர்கள் அஷ்டாவதானத்தை இன்றும் கோயில் விழாக்களிலும் கல்லூரிகளிலும் நடத்துகிறார்கள். 'திருப்பதி வேங்கட கவிகள்' என்ற பெயரைக் கேட்டதும் அவர்கள் நம் திருப்பதி ஊர்க்காரர்கள் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது ஊரின் பெயரன்று. திவாகர்ல திருப்பதி சாஸ்திரி (1872–1920), செள்ளபிள்ள வேங்கட சாஸ்திரி (1870–1950) என்னும் இரு நண்பர்களின் பெயர்கள் சேர்ந்து ஆனது. கோதாவரிப் பக்கத்தைச் சேர்ந்த இவர்கள் ஊர் ஊராகச் சென்று அவதானம் செய்து அக்கலையை மக்களிடம் கொண்டு சேர்த்தவர்கள்.

தமிழிலும் இக்கலை செழித்திருந்தது. விநோதரசமஞ்சரி எழுதிய வீராசாமி செட்டியாரின் பெயருக்கு முன்னால் 'அஷ்டாவதானம்' என்ற பட்டம் நிற்பதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து 'சதாவதானி' ஆனார். எட்டுக் காரியங்களில் ஒரே சமயத்தில் கவனம் வைப்பது அஷ்டாவதானம். பத்து என்றால் தசாவதானம். நூறு என்றால் சதாவதானம். தமிழில் இதைக் கவனகம் என்றும் சொல்வர்.

மேடையில் நடுவே அவதானி அமர்ந்திருப்பார். அவரைச் சுற்றிக் கேள்வி கேட்பவர்கள் இருப்பார்கள். தெலுங்கில் இவர்களைப் ப்ருச்சகர்கள் என்பர். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. ஒருவர் நான்கு சொற்களைக் கொடுத்து அவை வருமாறு பாடச் சொல்வார். ஒருவர் ஒரு காட்சியை வருணிக்கச் சொல்வார். ஒருவர் அவ்வப்போது மணி அடிப்பார். மொத்தம் எத்தனை முறை அடித்தார் என்பதை அவதானி கடைசியில் சொல்ல வேண்டும். எட்டில் எவை எவை இடம்பெறும் என்பது மேடைக்கு மேடை சற்று மாறும். அவதானி ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்றில் ஓர் அடியாகப் பாடிக்கொண்டே போவார். நான்கு சுற்று முடிந்தபின், பாடிய செய்யுட்கள் அனைத்தையும் காகிதம் பாராமல் முழுமையாகத் திருப்பிச் சொல்வார். இதற்குத் தாரணை என்று பெயர்.

நம் பொருளுக்கு வேண்டியவை இவற்றுள் மூன்று.

முதலாவது நிஷித்தாட்சரி, அதாவது விலக்கெழுத்து. அவதானி ஒரே ஓர் எழுத்தைச் சொல்வார். அடுத்து அவர் என்ன சொல்லப் போகிறார் என்று ப்ருச்சகர் ஊகித்து, 'அந்த எழுத்து வரக்கூடாது' என்று தடுப்பார். தாமரையைப் பாட நினைத்து அவதானி 'க' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'கமலம்' வருகிறது என்று மோப்பம் பிடித்த ப்ருச்சகர் 'ம' கூடாது என்கிறார். அவதானி அசராமல் 'கஞ்சம்' என்று போய்விடுகிறார். கஞ்சம் என்றாலும் தாமரைதான். இங்கே ஆட்டமே ஆசிரியரின் உள்ளக்கருத்தைப் பற்றியது. 'நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும்' என்கிறார் ஒருவர். 'நீ தெரிந்துகொண்டாய் என்பது எனக்கும் தெரியும்' என்கிறார் மற்றவர். சபை சிரிப்பது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது சமஸ்யை. பொருந்தாத, விபரீதமான பொருள் தரும் ஓர் அடியைக் கொடுத்து, மற்ற அடிகளைப் பாடி அதற்கு நல்ல பொருள் வரச் செய் என்று கேட்பது. செய்குத்தம்பிப் பாவலர் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி இதற்குச் சரியான சான்று. அவர் இஸ்லாமியர். அவரைச் சற்றுச் சீண்டிப் பார்க்க நினைத்த ஒருவர், துருக்கனுக்கு இராமனே துணை என்று பொருள்படும் ஈற்றடியைக் கொடுத்தாராம். பாவலர் அதற்கு முந்திய அடியில் இராமனின் தம்பியரை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, 'சத்' என்ற அசையில் கொண்டு நிறுத்தினார். அடுத்து வந்த 'துருக்கன்' அதனோடு சேர்ந்து 'சத்துருக்கன்' ஆகிவிட்டது. தம்பிக்கு அண்ணன் துணை. இதில் யாருக்கு என்ன தடை? கொடுத்தவர் ஒன்றை நினைத்தார், முடித்தவர் வேறொன்றாக்கினார். கொடுத்த எழுத்தில் ஒன்றுகூட மாறவில்லை. யார் மனமும் புண்படவில்லை.

மூன்றாவது அப்ரஸ்துதப் பிரசங்கம். பெயருக்கேற்ப, சம்பந்தமில்லாத பேச்சு. அவதானியின் கவனத்தைக் கலைப்பதற்கென்றே ஒருவர் நடுநடுவே குறுக்கிடுவார். அவருக்கும் உடனே, சபை சிரிக்கும்படி பதில் சொல்ல வேண்டும். நான் புனைந்த ஓர் உதாரணம் தருகிறேன். 'ஐயா, தலையில் இத்தனை பாட்டுகளைச் சுமக்கிறீர்களே, பஸ்ஸில் ஏறினால் லக்கேஜ் போடமாட்டார்களா?' என்று கேட்கிறார் குறுக்கிடுபவர். 'போடுவார்கள். அதனால்தான் கிளம்புமுன் எல்லாவற்றையும் உங்கள் காதில் இறக்கிவிட்டுப் போகிறேன்' என்கிறார் அவதானி. தாரணையை நினைவில் வைத்துச் சொன்ன பதில் இது. இப்படிக் குறுக்கிடுபவர் வேலையற்றவர் அல்லர். செய்யுள் கட்டும் கடுமையான உழைப்புக்கு நடுவே சபை மூச்சுவிட அவரே இடம் செய்து தருகிறார்.

கணிப்பொறிக் குகை

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். அமெரிக்காவில் வில் குரோதர் என்ற நிரலாளர் 1970களின் நடுவில், தாம் இறங்கி அளவெடுத்த கென்டக்கி மாநிலத்து மாமத் குகையை மனத்தில் வைத்து, தம் மகள்கள் ஆடுவதற்காக ஒரு குகை விளையாட்டை எழுதினார். 1977இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். 'அட்வென்ச்சர்' என்ற பெயரில் அது பரவியது. அது புரிந்துகொண்டது இரண்டு சொல் கட்டளைகளைத்தான். அதிலும் ஒவ்வொரு சொல்லின் முதல் ஐந்து எழுத்தை மட்டுமே பார்க்கும்.

அதில் ஒரு நகைச்சுவை இந்தத் துறையில் அழியாப் புகழ் பெற்றது. குகையில் ஒரு டிராகன் வழியை மறித்துக்கொண்டு படுத்திருக்கிறது. 'டிராகனைக் கொல்' என்று ஆடுபவர் தட்டுகிறார். 'எதைக் கொண்டு? வெறுங்கையாலா?' என்று கணிப்பொறி கேலியாகக் கேட்கிறது. அது பதிலை எதிர்பாராத கேள்வி என்றுதான் எவரும் நினைப்பார்கள். கோடரி, வாள் என்று தேடிப் போய்விடுவார்கள். ஆனால் யாராவது வேடிக்கையாக 'ஆம்' என்று தட்டினால், டிராகன் அங்கேயே செத்து விழுகிறது. வெறுங்கையால் டிராகனைக் கொன்றுவிட்டாயே என்று வாழ்த்தி, நம்பவே முடியவில்லை அல்லவா என்றும் கணிப்பொறி சொல்கிறது.

இதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும். கேலிக் கேள்வியை எழுதியவர், அதற்கு ஒருவன் மெய்யாகவே பதில் சொல்லக்கூடும் என்பதையும் நினைத்திருக்கிறார். அந்த ஒருவனுக்காகவே ஒரு வாசலை வைத்திருக்கிறார். 'இதை எவன் யோசித்திருக்கப் போகிறான்' என்று ஆடுபவன் நினைத்துத் தட்டும்போது, 'நான் யோசித்தேன்' என்று ஆசிரியர் அங்கே நிற்கிறார். நிஷித்தாட்சரியில் கண்ட அதே சந்திப்பு இங்கே காலம் கடந்து நடக்கிறது. அவதானிக்கு எதிராளி நேரே உட்கார்ந்திருக்கிறார்; கதாசிரியருக்கோ எதிராளி என்றோ, எங்கோ, முகம் தெரியாமல் இருக்கிறார்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1977இல் டிம் ஆண்டர்சன், மார்க் பிளாங்க், புரூஸ் டேனியல்ஸ், டேவ் லெப்லிங் ஆகிய நால்வரும் 'சோர்க்' என்ற கதையை எழுதத் தொடங்கினார்கள். விளக்கில்லாமல் இருட்டில் நடந்தால் ஆபத்து என்பது விதி. முதலில், இருட்டில் நடப்பவன் பாதாளக் குழியில் விழுந்து சாவதாக வைத்திருந்தார்கள். வீட்டின் பரணில் இருட்டில் நடந்தவனும் பாதாளக் குழியில் விழுந்தான்! பரணில் ஏது பாதாளம் என்று புரிந்ததும், குழிக்குப் பதிலாக 'குரூ' என்ற பூதத்தைக் கொண்டு வந்தார்கள். இருட்டு எங்கே இருந்தாலும் அது அங்கே வந்து ஆளைத் தின்னும். தற்செயலான ஒரு பிழையால் வந்த சிரிப்பை, வேண்டுமென்றே செய்த சிரிப்பாக மாற்றிவிட்டார்கள். பின்னாளில் அந்தப் பூதமே விளையாட்டின் முத்திரையாகிவிட்டது.

இவர்களும் நண்பர்களும் சேர்ந்து 1979இல் இன்ஃபோகாம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் கதைகளில் மிகுந்த சிரிப்பும் மிகுந்த எரிச்சலும் தந்தது 1984இல் வந்த ஒன்று. ஆங்கில எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ், 1978இல் பி.பி.சி. வானொலியில் வந்த தம் விண்வெளிக் கேலிக்கதையை ஸ்டீவ் மெரெட்ஸ்கியோடு சேர்ந்து உரையாடு கதையாக்கினார். அதில் கையிலிருக்கும் பொருள்களின் பட்டியலைக் கேட்டால், 'தேநீர் இன்மை' என்பதும் ஒரு பொருளாக வரும். கதையின் பிற்பகுதியில் தேநீரையும், தேநீர் இன்மையையும் ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொண்டு ஒரு கதவின் முன் நின்றால்தான், நம் அறிவை மெச்சி அது வழிவிடும். அபாவத்தையும் ஒரு பதார்த்தமாக எண்ணிய நம் தருக்க நூலார் இதைக் கேட்டால் மகிழ்ந்திருப்பார்கள்.

அதே கதையில் கணிப்பொறிக்குப் புரியாத எதையாவது நாம் தட்டினால், வழக்கமான 'புரியவில்லை' என்ற பதிலோடு நிற்காமல், அந்தச் சொற்கள் விண்வெளியில் ஒரு துளை வழியாக எங்கோ சென்று சேர்ந்தன என்கிறது. பின்னால் பார்த்தால், இரு கூட்டத்தாருக்கிடையே போர் மூண்டதற்கு அச்சொற்களே காரணமாகியிருக்கின்றன! ஆடுபவரின் பிழை கதையின் பகுதியாகிவிடுகிறது. இன்னோரிடத்தில் கணிப்பொறி, இங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று பொய் சொல்கிறது. விடாமல் திரும்பத் திரும்பக் கேட்டால், சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்கிறது.

ஆடம்ஸ் 1987இல் 'பியூரோக்ரசி' என்ற கதையையும் இன்ஃபோகாமுக்காக எழுதினார். வங்கியில் முகவரியை மாற்றச் சொல்லிவிட்டு அவர் பட்ட பாட்டிலிருந்து பிறந்தது அது. கதை தொடங்குவதே ஒரு விண்ணப்பப் படிவத்தில். திரையின் மேலே நாயகனின் இரத்த அழுத்தம் காட்டப்படும். ஒவ்வொரு எரிச்சலுக்கும் அது ஏறும்; எல்லை மீறினால் ஆள் போய்விடுவார். ரேஷன் அட்டையில் பெயர்த் திருத்தத்துக்கு அலைந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

தொல்காப்பியர் காட்டும் நான்கு

இந்தச் சிரிப்புகளை வகைப்படுத்த நாம் மேல்நாட்டுக்குப் போக வேண்டாம். நகை என்ற மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கில் பிறக்கும் என்று தொல்காப்பியர் வகுத்துவிட்டார். எள்ளல் இரு வகைப்படும் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள்: நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது, பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பது. கேலிக் கேள்வியோடு நிறுத்திவிட்டால் டிராகன் கதை முதல் வகை. 'ஆம்' என்ற சொல்லுக்கு வாசல் வைத்ததால், ஆசிரியர் தம் கேலியையே கேலி செய்துகொண்டார். அது இரண்டாம் வகைக்கு ஏறிவிட்டது. எதையும் தட்டிப் பார்க்கும் ஆடுபவரின் விளையாட்டுத்தனம் இளமை. பரணில் பாதாளக் குழி, எழுதியவர் அறியாமல் நேர்ந்த பேதைமை.

நான்காவதுதான் மிகவும் பொருத்தம். மடன் என்பது, ஒருவர் கற்பித்ததைப் பிடித்துக்கொண்டு, கொண்டதை விடாமலிருப்பது என்று விளக்குவார்கள். கணிப்பொறியின் இலக்கணம் இதைவிடச் சுருக்கமாக எங்கும் சொல்லப்படவில்லை. 'மலையை எடு' என்றால், மலை எடுக்க முடியாதது என்று யாரும் அதற்குச் சொல்லி வைக்காவிட்டால், 'எடுத்துவிட்டாய்' என்று அது சாதுவாகப் பதில் சொல்லும். நாமும் மலையைப் பையில் போட்டுக்கொண்டு நடப்போம். இங்கே நாம் சிரிப்பது இயந்திரத்தைப் பார்த்து. எழுதியவரோடு சேர்ந்து அல்ல.

ஆகவே உரையாடு கதையில் சிரிப்பு இரண்டு. ஒன்று ஆசிரியரோடு சேர்ந்து சிரிப்பது. மற்றது அவர் விட்ட ஓட்டையைப் பார்த்துச் சிரிப்பது. நல்ல ஆசிரியர் இரண்டாவதைக் குறைக்கவும் முதலாவதைக் கூட்டவும் பாடுபடுகிறார். அதற்கு அவர் முன்கூட்டியே எத்தனையோ அசட்டுக் கட்டளைகளை யோசித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி வைக்க வேண்டும்.

ரயில்வேயில் வேலை பார்த்தவனுக்கு இது பழகிய விஷயம். சிக்னல் கேபினில் லீவர்களோடு இன்டர்லாக்கிங் என்ற பூட்டு அமைப்பு இணைந்திருக்கும். பாயிண்ட் சரியான பாதைக்குத் திரும்பிப் பூட்டப்படாவிட்டால், அந்தப் பாதைக்கான சிக்னல் லீவரை எவ்வளவு இழுத்தாலும் வராது. எதிரெதிரான இரண்டு சிக்னல்களை ஒரே நேரத்தில் இறக்க முடியாது. இதற்கான அட்டவணையை வரைபவர், கேபினில் பிற்காலத்தில் வேலை செய்யப்போகும் ஊழியரை ஒருநாளும் பார்த்ததில்லை. நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தில், மழையில் அவர் எந்தெந்தத் தவறான லீவரை இழுப்பார் என்று நினைத்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு வைக்கிறார். உரையாடு கதை எழுதுபவரும் இதையேதான் செய்கிறார். ஒரே ஒரு வித்தியாசம்: பூட்டு 'முடியாது' என்று மட்டும் சொன்னால் போதும், கதாசிரியர் அந்த 'முடியாது' என்பதையே சிரிக்கும்படி சொல்ல வேண்டும்.

கேலிக்கு எல்லை எது?

எதிராளியை நினைத்துப் பார்ப்பவருக்கு அவரை வதைக்கவும் வழி தெரியும். ஆடம்ஸின் 1984 கதையில் தொடக்கத்தில் ஒரு நாய் வருகிறது. அதற்கு அப்போதே கையிலுள்ள சாண்ட்விச்சைப் போடாவிட்டால், வெகுநேரம் கழித்துக் கதையின் பிற்பகுதியில் அந்த நாயாலேயே முடிவு வரும். அப்போது திரும்பிப் போக வழியில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதே கதையில், காதில் வைத்தால் எல்லா மொழியும் புரியச் செய்யும் மீன் ஒன்றை ஓர் இயந்திரத்திலிருந்து பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மீன் வேறொரு வழியில் தப்பிவிடும். அதைப் பிடித்தவர்கள் பெருமையாக அணிந்துகொள்ள டி-ஷர்ட்டே விற்றார்கள்.

இவ்விரண்டுக்கும் வேறுபாடு உண்டு. மீன் தப்பும்போது, அது எந்த வழியாகத் தப்பியது என்று கதை சொல்கிறது. அடுத்த முறை அந்த வழியை அடைக்கலாம். தோல்வியே குறிப்பாகிறது. நாயோ எந்தக் குறிப்பும் தருவதில்லை. இங்கிலாந்தின் கிரகாம் நெல்சன் 1990களில் ஆடுபவரின் உரிமைகள் என்று ஒரு பட்டியலே எழுதினார். எச்சரிக்கை இல்லாமல் கொல்லக்கூடாது, முந்திய ஆட்டங்களில் செத்துத் தெரிந்துகொண்டால்தான் பிழைக்கலாம் என்று வைக்கக்கூடாது என்பவை அவற்றுள் சில. 1993இல் 'இன்ஃபார்ம்' என்ற கருவியை உருவாக்கி, இத்தகைய கதைகளை யாரும் எழுத வழி செய்தவரும் இவரே.

அவதான மேடை இந்த முறையை முன்பே கடைப்பிடித்து வருகிறது. எத்தனை விபரீதமான சமஸ்யையாக இருந்தாலும் அதற்கு ஒரு தீர்வு இருக்க வேண்டும். தீர்வே இல்லாத அடியைக் கொடுப்பது ப்ருச்சகருக்கு அழகல்ல. அவதானி வெல்ல வேண்டும் என்றே ப்ருச்சகரும் விரும்புகிறார். அவர் வென்றால் முதலில் தலையசைத்துச் சிரிப்பவரும் அவரே. கேலிக்கு எல்லை இதுதான் என்று எனக்குப் படுகிறது: எதிராளிக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டுச் செய்வது கேலி, எல்லா வாசலையும் அடைத்துவிட்டுச் செய்வது வதை.

எழுதியவர் இல்லாத சிரிப்பு

இன்ஃபோகாமை 1986இல் ஆக்டிவிஷன் வாங்கியது, 1989இல் மூடிவிட்டது. படமும் ஓசையும் வந்தபின் எழுத்து விளையாட்டுக்குச் சந்தை இல்லை. ஆர்வலர்கள் மட்டும் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 1995 முதல் ஆண்டுதோறும் போட்டியும் நடக்கிறது.

2019இல் இத்துறையில் புதிய திருப்பம் ஒன்று ஏற்பட்டது. நிக் வால்ட்டன் என்ற அமெரிக்க இளைஞர் 'ஏ.ஐ. டஞ்சன்' என்ற உரையாடு கதையை வெளியிட்டார். அதில் பதில்களை யாரும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. ஏராளமான எழுத்துகளைப் படித்துப் பழகிய ஒரு நிரல், அடுத்து வரக்கூடிய சொற்களைத் தானே அடுக்கிக்கொண்டு போகும். நீங்கள் மலையை எடுக்கலாம், டிராகனுக்குக் காபி போட்டுக் கொடுக்கலாம், நடுவில் முதலமைச்சராகலாம். எதற்கும் மறுப்பில்லை. 2022இன் இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் இத்தகைய நிரலை அறியாதவர் இல்லை.

இதன் பதில்களிலும் சிரிப்பு வருகிறது. நானும் சிரிப்பேன். ஆனால் 'ஆம்' என்று தட்டியதும் டிராகன் விழுந்தபோது வந்த சிரிப்பு வேறு. அங்கே ஒரு மனிதர் எனக்காகக் காத்திருந்தார். இங்கே என்னை நினைத்துப் பார்த்தவர் எவருமில்லை. எல்லா எழுத்தும் அனுமதிக்கப்பட்ட நிஷித்தாட்சரி போன்றது இது. தடுப்பவர் இல்லாதபோது தப்புவதில் என்ன சுவை இருக்கிறது?

எம்.ஐ.டி. பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட 'எலைசா' என்ற நிரலையும் இங்கே நினைக்க வேண்டும். நாம் சொன்ன வாக்கியத்தையே சற்றுத் திருப்பிக் கேள்வியாகக் கேட்பதுதான் அதன் வேலை. இருந்தும் அவருடைய செயலாளரே அதனோடு தனியாகப் பேச வேண்டும் என்று அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். பதில் வந்தால் அதன் பின்னால் ஒரு மனம் இருப்பதாக எண்ணிக்கொள்வது மனித இயல்பு. இயந்திரத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிரிப்பு வந்ததாலேயே நம்மை நினைத்தவர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று முடிவு கட்டிவிட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குப் பிரசங்கமாகச் சொன்னால் ஏறாது. அவர்களே ஒருமுறை மற்றவரைச் சிரிக்க வைக்கும் பதிலை முன்கூட்டி எழுதிப் பார்த்தால், தானாகப் புரிந்துவிடும்.

நாம் செய்யக்கூடியது

சித்தூர் மாவட்டத்தில் எங்கள் பாலசமுத்திரம் போன்ற எல்லைப்புற ஊர்களில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசப்படுகின்றன. 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லைத் திருத்தம் நடைமுறைக்கு வந்து, திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் காதில் இருக்கிறது, கண்ணில் இல்லை. எழுத்தறியாதவருக்குச் சிலேடை இல்லை. 'சத்'தும் 'துருக்கன்'னும் சேரும் இடத்தைக் காண எழுத்துத் தெரிய வேண்டும்.

ஆனால் இரு மொழி அறிந்தவர்களுக்கு ஓர் ஆதாயமும் உண்டு. 'செப்பு' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அது தாமிரம். இலக்கியத்தில் 'சொல்' என்னும் ஏவல். தெலுங்கில் 'சொல்' என்பதும் அதுவே, காலில் போடும் செருப்பும் அதுவே. 'செப்பு, செப்பு' என்று ஒருவர் கேட்டால் வாயைத் திறப்பதா, காலைப் பார்ப்பதா? இதைவிட நல்ல சமஸ்யைக்கு எங்கே போவது?

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்காக ஒரு சிறு கவனகம் நடத்தலாம். எட்டு வேண்டாம், மூன்று போதும்: விலக்கெழுத்து, கொடுத்த சொல்லை வைத்து வாக்கியம், குறுக்குக் கேள்வி. செய்யுள் வேண்டியதில்லை, உரைநடையே போதும். சற்றுப் பெரிய பிள்ளைகள் உரையாடு கதை எழுதலாம். தமிழில் கட்டளையைத் தட்டும் முறையில் ஒரு சிக்கல் உண்டு. விளக்கை, விளக்கால், விளக்கில் என்று வேற்றுமை உருபுகள் ஒட்டிக்கொள்வதால், உருபைப் பிரித்து விளக்கைக் கண்டுபிடிக்க இயந்திரத்துக்குக் கற்பிக்க வேண்டும். அதனால் முதலில் 'ட்வைன்' என்ற இலவசக் கருவி நல்லது. 2009இல் வந்த இதில் கட்டளையைத் தட்ட வேண்டாம். திரையிலுள்ள வழிகளில் ஒன்றைத் தொட்டால் கதை நகரும். தமிழ் எழுத்தும் அதில் ஒழுங்காக வரும். கணிப்பொறி இல்லாவிட்டாலும் குறையில்லை. ஒரு பிள்ளை நோட்டுப் புத்தகத்தில் பதில்களை எழுதி வைத்துக்கொண்டு இயந்திரமாக உட்காரட்டும். மற்றவர்கள் கட்டளை சொல்லட்டும்.

விதி ஒன்று போதும். எழுதும் பிள்ளை, தன் கதையை ஆடப்போகும் நண்பன் எந்த இடத்தில் எந்த அசட்டுக் காரியத்தைச் செய்வான் என்று யோசித்து, குறைந்தது பத்துப் பதில்கள் எழுதியிருக்க வேண்டும். அவற்றில் ஒன்றையாவது நண்பன் தானாகக் கண்டுபிடித்துச் சிரித்தால் பரிசு, இருவருக்கும்.